வளர்த்த பிள்ளையிடம் விசுவாசம் கேட்கலாமா?

செங்காங் வாசகன்:

வணக்கம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரை முன்பே பார்த்துவிட்டேன். புத்தகத்தை இப்போதுதான் வேலைக்குப் போகும் வழியில் எம்ஆர்டி ரயிலில் படிக்கிறேன். தொடரில் கண்ணில் படாமல் போன ஒரு சின்ன விஷயம், முதல் சில பக்கங்களிலேயே என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது.

எல்லைச் சுவரின் காவலை விட்டு ஓடிவந்த ஒருவனுக்கு வடநாட்டுப் பிரபு நெட் ஸ்டார்க் மரண தண்டனை கொடுக்கும் இடம். பனியில் ஒரு மரக்கட்டை, அதன் மேல் அவன் தலை. நெட் குதிரையிலிருந்து இறங்குகிறார். அவருடைய பெரிய வாளைக் கொண்டுவந்து கொடுப்பவன் யார் தெரியுமா? தியோன் கிரேஜாய்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. தியோனின் அப்பா பேலன் அரசரை எதிர்த்துக் கலகம் செய்து தோற்றவர். மூத்த மகன்கள் இருவரும் அந்தக் கலகத்தில் செத்தார்கள். மிச்சமிருந்த தியோனைப் பத்து வயதில் நெட் தன் கோட்டைக்குக் கூட்டிவந்து வளர்க்கிறார். ஊருக்கு அவன் வளர்ப்புப் பிள்ளை, உண்மையில் பிணைக்கைதி. பேலன் மறுபடியும் வாலாட்டினால் பையனின் தலை போகும். எந்த வாளால்? அவனே தூக்கிவந்து நீட்டுகிற அதே வாளால்.

அப்போது அவனுக்கு 19 வயது. எதைப் பார்த்தாலும் சிரிக்கிறவன் என்று அறிமுகம் செய்கிறார் புத்தகத்தை எழுதிய மார்ட்டின். தொடரில் பார்த்தபோது அந்தச் சிரிப்பைத் திமிர் என்று நினைத்தேன். இரண்டாம் புத்தகத்தில் தியோனே நினைத்துப் பார்க்கிறான்: நெட் அவ்வப்போது அப்பாவாக இருக்க முயன்றாராம், ஆனால் சின்ன வயதில் அவருடைய கடுமையான முகத்துக்கும் அந்தப் பெரிய கறுப்பு வாளுக்கும் பயந்தே வாழ்ந்தானாம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நானும் என் மனைவியும் வளர்ப்புப் பெற்றோர். இங்கே சிங்கப்பூரில் 1956லிருந்து நடக்கும் வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தில் சேர்ந்து, ஒரு பையனை நாலு வருடம் வீட்டில் வைத்து வளர்த்தோம். அவனைப் பற்றி அடையாளம் எதுவும் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆறு வயதில் வந்தான். என்னை மாமா என்று கூப்பிடுவான்.

வந்து ஒரு வருடம் இருக்கும். ஒருநாள் வீட்டுப்பாடம் செய்யாமல் அடம்பிடித்தான், என் மனைவியின் கையைத் தட்டிவிட்டான். வேலை முடிந்து களைத்து வந்திருந்த நான் சொன்னேன்: "இப்படியே செஞ்சா மிஸ்ஸுக்கு போன் பண்ணிடுவேன்." மிஸ் என்றால் மாதா மாதம் அவனைப் பார்க்க வரும் அதிகாரி. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே போய்ப் புத்தகத்தைத் திறந்தான்.

அடுத்த ஒரு வாரம் அவனைப்போல் ஒரு பிள்ளை கிடையாது. சாப்பிட்ட தட்டை அவனே கழுவினான். வாசலில் எங்கள் செருப்பையெல்லாம் வரிசையாக அடுக்கினான். நான் எதைச் சொன்னாலும் சிரித்தான். முதல் இரண்டு நாள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பையன் திருந்திவிட்டான் என்று. மூன்றாம் நாள் ராத்திரி அவன் அலமாரியைத் திறந்த என் மனைவி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பள்ளிப் பையிலிருந்து புத்தகங்களை வெளியே எடுத்துவிட்டு, தன் சட்டைகளை மடித்து உள்ளே வைத்திருந்தான்.

தியோன் வாளை நீட்டும் இடத்தைப் படித்தபோது அந்தப் பை கண்முன் வந்தது. ரயிலில் தொடர்ந்து படிக்க முடியவில்லை.

என் கேள்வி இதுதான். தியோனைத் துரோகி என்கிறார்கள். வளர்த்தவர் கோட்டையையே கைப்பற்றினான், உண்மைதான். ஆனால் தலைக்கு மேல் வாளைத் தொங்கவிட்டு வளர்த்த பிள்ளையிடம் விசுவாசம் கேட்க நெட்டுக்கு உரிமை இருந்ததா? அதே நெட், தங்கை மகன் ஜான் ஸ்னோவைக் காப்பாற்ற, தன் முறைதவறிய பிள்ளை என்று சொல்லித் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டவர். கட்டிய மனைவியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. நெட்டையே வளர்த்த ஜான் ஆரினைப் பாருங்கள். "நீ வளர்க்கும் ராபர்ட், நெட் இருவரின் தலையையும் அனுப்பு" என்று பைத்தியக்கார அரசன் கேட்டபோது, தலையை அனுப்பாமல் படையைத் திரட்டினார். அப்படிப்பட்டவர் கையில் வளர்ந்தவருக்குத் தியோன் விஷயத்தில் மட்டும் ஏன் கை வரவில்லை?

---

ஈசூன் 2ஆம் மாடி:

அண்ணே, உங்கள் வீட்டுக் கதை மனதைப் பிசைகிறது. ஆனாலும் தியோனை அவ்வளவு எளிதில் விடமாட்டேன்.

நெட்டை விடுங்கள், அவர் மகன் ராப் என்ன பாவம் செய்தான்? கூடவே வளர்ந்தவன், ஒரே முற்றத்தில் வாள் பழகியவன். அம்மா வேண்டாம் என்று எச்சரித்தும் நம்பித்தானே தியோனைப் பேலனிடம் தூது அனுப்பினான்? அந்த நம்பிக்கையின் மேல் எந்த வாளும் தொங்கவில்லை. அதைத்தான் தியோன் உடைத்தான். அப்புறம் அந்த மாவரைப்பவன் பிள்ளைகள் இருவர். ராபின் தம்பிகள் பிரானும் ரிக்கனும் தப்பித்துப் போன அவமானத்தை மறைக்க அந்தச் சின்னப் பையன்களைக் கொன்று, தலைகளைக் கோட்டைச் சுவரில் வைத்தான். பயந்து வளர்ந்தவன் என்பதற்காக அதை மன்னிக்க முடியுமா?

நம் ஊரில் செஞ்சோற்றுக்கடன் என்று ஒன்று இருக்கிறது. கர்ணன் அதற்காக உயிரையே கொடுத்தான். பத்து வருடம் தின்ற சோற்றுக்குத் தியோன் கொஞ்சமாவது யோசித்திருக்கலாம்.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, தோ பாயோ:

தம்பி, கர்ணனைச் சொன்னதால் வருகிறேன். செஞ்சோற்றுக்கடன் என்றதும் எல்லோரும் துரியோதனனோடு நின்றுவிடுகிறீர்கள். எனக்கு இது வெகுநாள் மனக்குறை.

உத்தியோக பருவத்தில் கண்ணன் கர்ணனைத் தனியே அழைத்து, நீ குந்தியின் மகன், வந்தால் அரசு உனக்கே என்கிறான். கர்ணன் மறுக்கிறான். அவன் முதலில் சொல்லும் காரணம் துரியோதனன் இல்லை, தேரோட்டி அதிரதனும் அவர் மனைவி ராதையும். என்னைக் கையில் எடுத்ததும் ராதைக்குப் பால் சுரந்தது, என் மலசலத்தை அவள் துடைத்தாள், அதிரதன் என்னை மகன் என்றே நினைக்கிறார், நானும் அவரைத்தான் அப்பா என்று நினைக்கிறேன், பூமியே கிடைத்தாலும் இதைப் பொய்யாக்க முடியாது என்கிறான். துரியோதனன் அதற்குப் பிறகுதான் வருகிறான். அதிரதன் அவனிடம் எந்தக் கடனும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாரி இறந்தபின் அவன் பெண்கள் இருவரையும் கபிலர் கூட்டிக்கொண்டு மன்னர்களிடம் போகிறார், திருமணம் செய்துவைக்க. இருங்கோவேளிடம் இந்தப் பெண்கள் யார் என்று சொல்லும் பாட்டு, புறநானூற்றில் 201ஆவது. அதில் "யானே தந்தை தோழன், இவர் என் மகளிர்" என்கிறார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன், இந்த இடத்தில் குரல் தடுமாறாமல் படித்ததில்லை. முதலில், நான் இவர்கள் அப்பாவின் நண்பன் என்கிறார். பாரியின் இடத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மூச்சில் என் மகள்கள் என்கிறார். அவருக்கு இரண்டுமே உண்மை.

மன்னர்கள் மறுத்துவிட்டார்கள். பிறகு அந்தணர்களிடம் பெண்களை ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்து உயிர் விட்டார். நீ எனக்கு என்ன செய்தாய் என்று அந்தப் பெண்களைக் கேட்டதாக ஒரு வரி கிடையாது.

---

பழைய கப்பல் பொறியாளர்:

நெட், தியோன் மாதிரிக் கதைகளுக்கு வேர் வடக்கு ஐரோப்பாவில் இருக்கிறது. அயர்லாந்திலும் நார்வேயிலும் பெரிய குடும்பங்கள் பிள்ளைகளை மற்றவர் வீட்டில் வளரவிடுவது வழக்கமாக இருந்தது. அதில் ஒரு கதை உங்களுக்கென்றே வைத்தது போல் இருக்கிறது.

ஸ்னோரி என்ற ஐஸ்லாந்துக்காரர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நார்வே மன்னர்களின் வரலாற்றில் வருவது. பிறர் பிள்ளையை வளர்ப்பவன் அந்தப் பிள்ளையின் அப்பாவைவிடத் தாழ்ந்தவன் என்பது அந்தக் காலத்துப் பேச்சு. நார்வே மன்னர் ஹரால்ட், இங்கிலாந்து மன்னர் அதெல்ஸ்டனை மட்டம் தட்ட, தன் சின்ன மகன் ஹாக்கனை அனுப்புகிறார். தூதன் சபையில் போய் அந்தப் பிள்ளையை அதெல்ஸ்டனின் மடியில் உட்கார வைத்துவிடுகிறான். அதெல்ஸ்டனுக்குக் கோபம் தலைக்கேறி, பக்கத்தில் இருந்த வாளை உருவிப் பிள்ளையைக் கொல்லப்போவது போல் ஓங்குகிறார். மடியில் வாங்கிவிட்டீர்கள், கொல்வதானால் கொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுத் தூதன் போய்விடுகிறான்.

அதெல்ஸ்டன் கொல்லவில்லை. சொந்தக்காரர்களைவிட அந்தப் பிள்ளையிடம் பாசமாக இருந்தார் என்கிறது கதை. வளர்ந்ததும் ஒரு வாள் கொடுத்தார். ஹாக்கன் அதை வைத்துத் திரிகைக் கல்லை நடுக்குழி வரை பிளந்தானாம். ஹரால்ட் இறந்த செய்தி வந்ததும், கப்பலும் ஆட்களும் கொடுத்து அவனைச் சொந்த நாட்டுக்கு அனுப்பிவைத்தார். ஹாக்கன் மன்னனான பிறகும் 'அதெல்ஸ்டன் வளர்த்தவன்' என்பதே அவனுக்குப் பட்டப்பெயர்.

கோபத்தில் வாளை உருவியவர்தான் பிறகு அவன் கையில் வாளைக் கொடுத்தார்.

---

செம்பவாங் பேத்தி:

எனக்குப் புத்தகம் தெரியாது, தொடரும் பார்த்ததில்லை. தோழி இந்த இழையை அனுப்பினாள்.

என் பாட்டி சீனர். 1940களில் கைக்குழந்தையாக ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டவர். அந்தக் காலத்தில் இப்படிப் பல பெண் குழந்தைகள் தமிழ், மலாய் வீடுகளுக்குப் போனார்கள். பாட்டியின் வளர்ப்பு அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பாட்டி சேலை கட்டித் தமிழ் பேசி, கும்மி அடித்து வளர்ந்தார். சீனம் ஒரு வார்த்தை தெரியாது.

ஆனால் ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் அவருடைய அப்பா இரண்டு ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்து அவர் கையில் கொடுப்பாராம். "இது உன் பெத்தவங்களுக்கு. எங்க இருக்காங்கன்னு தெரியாது, சாமி படத்துக்கு முன்னாடி வை" என்பாராம். சீனர்கள் ஆரஞ்சை ஜோடியாகத்தான் கொடுப்பார்கள் என்று வேலையிடத்தில் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். அவர் இறந்த பிறகு பாட்டி நாலு பழமாக வைக்க ஆரம்பித்தார். இரண்டு அவருக்கு.

---

செங்காங் வாசகன்:

எல்லாருக்கும் நன்றி. ஈசூன் தம்பி, ராப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அந்த இரண்டு பையன்களுக்காகத் தியோனை நானும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கைத் தியோனிடம் கேட்கும்போது, சோற்றைக் காரணம் காட்டிக் கேட்க மாட்டேன். பத்து வயதுப் பையன் போட்டதைத்தான் தின்பான், அது எப்படிக் கடனாகும்?

ஆசிரியை அம்மா, 'தந்தை தோழன்' என்பதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவன் அம்மாவை நாங்கள் அப்படி நினைக்கவே கொஞ்ச காலம் ஆனது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவன் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவான், அவர் சமைத்த ஏதாவது டப்பாவில் வரும். முதலில் அதைக் குளிர்பெட்டியில் ஓரமாக வைத்துவிடுவோம். பிறகுதான் நடுமேசையில் திறந்து வைத்து மூவரும் சாப்பிட ஆரம்பித்தோம்.

பொறியாளர் ஐயா, அந்தப் பையைப் பார்த்த ராத்திரியே அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் சொன்னது தப்பு, என்ன செய்தாலும் அதைச் சொல்லி உன்னைப் பயமுறுத்த மாட்டேன் என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து சட்டைகளை எடுக்க மூன்று வாரம் ஆனது. ஒருநாள் மைலோவைத் தரையெல்லாம் கொட்டிவிட்டு, "மாமா, துணி எங்க?" என்று சத்தமாகக் கேட்டான். என் மனைவி சமையலறையில் நின்று அழுதாள்.

இப்போது அவன் அம்மாவோடு இருக்கிறான், இரண்டு வருடமாகிறது. போன தீபாவளிக்கு அவர் ஒரு டின் முறுக்கு கொடுத்தனுப்பினார். டின் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறும் டின்னாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்கிறாள் மனைவி. அவனுக்கு அதிரசம்தான் பிடிக்கும், தேக்கா சந்தையில் பாகு வெல்லம் வாங்கியாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகிறோம்.