திவால் மனு போடுமுன் கடனைப் பிரித்துப் பாருங்கள்

மஞ்சள் கடுதாசி கொடுத்தால் எல்லாக் கடனும் ஒழியும் என்ற நினைப்பில்தான் பலர் வக்கீலைத் தேடி வருகிறார்கள். ஒழிவது பெரும்பாலும் ஈடு இல்லாத கடன்: கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், கைமாற்று. வீடு, வண்டி மீதுள்ள அடமானம் அப்படியே நிற்கும். ஜீவனாம்சம், நீதிமன்ற அபராதம், ஏமாற்றி வாங்கிய பணம் இவற்றைப் பெரும்பாலான நாடுகளின் சட்டம் தள்ளுபடி செய்வதில்லை. ஜாமீன் போட்டவரும் தப்ப மாட்டார்; உங்களை விட்டுவிட்டு அவரைப் பிடிப்பார்கள்.

மனுவுக்கு முன் சொத்தைத் தம்பி பேருக்கு எழுதுவது, மச்சானின் கைமாற்றை மட்டும் தீர்ப்பது, இரண்டுமே வினை. பழைய பத்திரங்களையும் வங்கிக் கணக்கையும் துருவுவார்கள். எழுதியது செல்லாமல் போகலாம், மச்சான் வாங்கியதைத் திருப்பிக் கட்ட நேரலாம்.

* * *

திவால் மனு பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் இருப்பது கிரெடிட் கார்டு கடன் மட்டும் என்றால் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலுவை 1,00,000, மாத வட்டி 3 சதவீதம், மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்று வையுங்கள். முதல் மாதம் கட்டும் 5,000-இல் 3,000 வட்டிக்கே போகிறது. நிலுவை குறையக் குறைய குறைந்தபட்சமும் குறையும். அதையே கட்டி வந்தால் 31 மாதம் கழித்தும் 53,000 பாக்கி நிற்கும். 5,000-ஐக் குறைக்காமல் கட்டினால் அதே 31 மாதத்தில் கடன் முடிந்துவிடும். இதற்கிடையில் அந்தக் கார்டைத் தேய்க்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

* * *

செட்டில்மென்ட், அதாவது பாக்கியைவிடக் குறைந்த தொகைக்குக் கடனைத் தீர்த்துக்கொள்ளப் பேசுகிறவர்களுக்கு: வசூல் ஆள் போனில் சொல்லும் தொகையை நம்பிக் கட்டாதீர்கள். கடன் எண், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி, 'இதோடு கணக்கு முழுமையாகத் தீர்ந்தது' என்ற வரி நான்கும் உள்ள கடிதம் முதலில் கைக்கு வரட்டும். பணம் கடன் கணக்குக்கே போக வேண்டும், ஆளின் கையில் அல்ல. தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டு ஒன்றைத் தவறவிட்டால் சலுகை ரத்தாகி, கட்டியது பழைய பாக்கியில் கழியும். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கடன் அறிக்கையில் 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்' என்றுதான் வரும்; அடுத்த கடன் கேட்கும்போது அதைப் பார்ப்பார்கள்.