ஆங்கிலப் பாடவேளையில் வாய் திறக்காத பிள்ளைகள்: மட்டக்களப்பு, அம்பாறை ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதுங்கள்

படுவான்கரை ஆசிரியை:

மேற்பார்வை நாள் எப்படியிருக்கும் என்று இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தரம் 7, ஆங்கிலப் பாடம். பின்வரிசையிலிருந்த அந்த மாணவன் வேளாண்மை வெட்டுக் காலத்தில் தகப்பனோடு வயலுக்குப் போய்விடுகிறவன். அவனுடைய கொப்பியில் பாதிப் பக்கங்கள் வெறுமையாகவே இருக்கும். வந்திருந்த அலுவலர் அவனை எழுப்பி, தகப்பன் என்ன தொழில் செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவன் மேசையைப் பார்த்தபடி நின்றான். இரண்டாம் முறை கேட்டபோதும் அப்படியே நின்றான். "இத்தனை வருஷம் படிச்சும் இதுகூடத் தெரியாதா?" என்று முழு வகுப்பும் கேட்கச் சொல்லிவிட்டு, அவர் தம் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு, வயலுக்கு வரும் வெட்டு மெசினைக் கீறித் தரும்படி அவனிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். கிளச், கியர், பெல்ட், பேரிங், ஃபில்டர், ரேடியேட்டர் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் கோடிழுத்துத் தமிழ் எழுத்தில் பெயரிட்டான். எது எதை இழுக்கிறது, பெல்ட் தளர்ந்தால் எது நின்றுபோகும் என்பதையெல்லாம் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் எனக்கு விளக்கினான். அதே பெயர்களை ஆங்கில எழுத்தில் பக்கத்திலே எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றின் மீதும் விரலை வைத்து வாசித்தான். அவன் ஆங்கிலம் வாசித்து நான் கேட்டது அதுவே முதல் முறை. அந்த அலுவலர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கக்கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன்.

மருதமுனை இருமொழிப் பிரிவு:

சகோதரியின் மாணவனுக்கு ஆங்கிலப் பாடத்தில் நேர்ந்தது, சில பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் எங்கள் இருமொழிப் பிரிவில் விஞ்ஞானத்தில் நேர்கிறது. 2001இல் உயர்தர (தரம் 12, 13) விஞ்ஞானத்தில் ஆங்கில மொழிமூலக் கல்வி மீண்டும் தொடங்கி, பின்னர் தரம் 6 வரை இறங்கி வந்தது. ஐந்தாம் ஆண்டுவரை தமிழிலேயே படித்த பிள்ளை, புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்துவிட்டால், அடுத்த ஜனவரியில் ஆங்கிலப் பாடநூலின் முன்னால் உட்கார வைக்கப்படுகிறது.

அப்படி வந்த ஒரு பிள்ளையின் தவணைப் பரீட்சை விடைத்தாளில் ஒளித்தொகுப்பைப் பற்றிய வினாவுக்கு ஒரு வசனமும் இல்லை. ஆனால் ஓர் இலை கீறப்பட்டிருந்தது. சூரிய ஒளி, நீர், காபனீரொட்சைட்டு உள்ளே போகும் அம்புக்குறிகளும், ஒட்சிசன் வெளியேறும் அம்புக்குறியும் சரியாக இருந்தன. தமிழில் கேட்டேன். கறுப்புக் கடதாசியால் மூடிய இலைப்பகுதி அயடீனில் ஏன் நீலமாகாது என்பதுவரை சொன்னாள். "விளங்குது மிஸ், எழுத வருதில்ல" என்றாள். புள்ளியிடும் திட்டத்தில் அம்புக்குறிக்கு இடமிருக்கவில்லை. உம்மா வந்து தமிழ்ப் பிரிவுக்கு மாற்றித் தரும்படி கேட்டார். ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நான் வற்புறுத்தியும் கேட்கவில்லை. விஞ்ஞானத்தில் பலவீனம் என்ற பெயரோடு அந்தப் பிள்ளை போய்விட்டது. விஞ்ஞானத்தில் அவளுக்கு எந்தப் பலவீனமும் இருக்கவில்லை.

ஏறாவூர்த் தாய்:

மன்னிக்க வேண்டும், நீங்கள் இருவரும் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறீர்கள். என் மகள் கத்தாரில் ஆங்கிலமொழிப் பாடசாலையில் படித்தவள். வாப்பாவின் வேலை முடிந்து ஊர் திரும்பியதும் தரம் 4இல் சேர்த்தோம். வீட்டில் தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. சேர்ந்த வாரத்தில் ஒருநாள் அவளை அழைத்துவரப் போனபோது, தரம் 1 பிள்ளைகளின் சிறிய கதிரையில் முழங்கால் மடங்க உட்கார்ந்து ‘அ’ எழுதிக்கொண்டிருந்தாள். ஆங்கிலப் பாடவேளைக்கு மட்டும் சொந்த வகுப்புக்கு அனுப்புவார்களாம். அங்கே, மற்றப் பிள்ளைகளுக்கும் சந்தர்ப்பம் வேண்டும், நீ பதில் சொல்லாதே என்று சொல்லப்பட்டதாம். ஆகவே நாள் முழுவதும் அவளுக்குப் பேச இடமில்லை. மொழி தெரியாத பிள்ளையின் கவலையைப் பேசும்போது, இப்படிப்பட்ட பிள்ளையையும் சேர்த்துப் பேசுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர், வாழைச்சேனை:

வாகரைப் பக்கத்தில் கரையோர வேடர் சமூகத்துப் பிள்ளைகள் படித்த ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். பாடத்தில் கேக் வெட்டும் பிறந்தநாள் விழாவைப் பற்றிய உரையாடல். ஒரு சிறுமி அதை மனப்பாடமாக ஒப்புவித்துவிட்டு, கேக் எப்படியிருக்கும் என்று தமிழில் என்னிடம் கேட்டாள். என் அனுபவம் அவ்வளவுதான்.

இனி ஆசிரியர்களுக்குச் சில விடயங்களைச் சொல்கிறேன். தரம் 1, 2இல் செயற்பாட்டின் மூலமான வாய்மொழி ஆங்கிலம் இருக்கிறது. தரம் 3இலிருந்து முறையான பாடம். அந்த முதலிரண்டு ஆண்டுகளும் பல இடங்களில் பாட்டோடு முடிந்துவிடுவதால், தரம் 3 ஆசிரியர் ஒன்றுமில்லாத இடத்தில் தொடங்குகிறார். அதன் பிறகு பாடநூலின் வேகத்தைப் பிள்ளை ஒருபோதும் எட்டிப் பிடிப்பதில்லை. தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் சித்தியடையாவிட்டாலும் உயர்தரத்துக்குப் போகலாம் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். தாய்மொழியும் கணிதமும்தான் தடுக்கும் பாடங்கள். ஆகவே தரம் 9 அளவில் பின்வரிசை ஆங்கிலத்தைக் கைவிட்டுவிடுகிறது. பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகே அதன் விலை தெரிகிறது.

வினாவைக் கேட்டதும் உடனே விடையை எதிர்பார்க்காதீர்கள். பக்கத்துப் பிள்ளையோடு தமிழில் பேசவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் ஒரு வசனம் கேளுங்கள். தொடக்கம் எழுதப்பட்ட வசனத்தைக் கரும்பலகையில் வையுங்கள். மீதியை நிரப்புவது வெறுந்தாளில் எழுதுவதைவிடப் பலமடங்கு எளிது. ஒரே பாடத்துக்கு மூன்று அளவுகளில் வேலை கொடுங்கள். பாடநூல் நாடு முழுவதற்கும் ஒன்றே. அதிலுள்ள உரையாடலைக் களப்பில் வலை வீசுவதாகவோ சந்தையில் மீன் விற்பதாகவோ மாற்றிப் பேசவிடுவதை எந்தச் சுற்றுநிருபமும் தடுக்கவில்லை. தமிழில் விளக்குவது குற்றம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். தாய்மொழியில் விளங்கிக்கொண்ட விடயத்துக்குத்தான் இரண்டாம் மொழி போய் ஒட்டும். தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் கல்வியியற் கல்லூரிகளில் இவற்றையெல்லாம் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். முதலாவது மேற்பார்வையோடு மறந்துவிடுகிறார்கள்.

அக்கரைப்பற்று விசேட கல்வி ஆசிரியை:

சொல்வதெழுதல் நடந்துகொண்டிருந்த வகுப்பு. காதுக்கருவி அணிந்த மாணவி முன்வரிசையிலேயே இருந்தாள். ஆசிரியர் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லையும் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று சொன்னார். அவள் ஆசிரியரின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பென்சில் அசையவில்லை. அவர் முகம் திரும்பும் ஒவ்வொரு முறையும் விரைந்து எழுதினாள். அந்தச் சொற்கள் மட்டும் எழுத்துப்பிழையின்றி இருந்தன. ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் மந்தமென்று முடிவெடுக்கும் முன் காதையும் கண்ணையும் சோதித்துப் பார்க்கும்படி ஒவ்வொரு பாடசாலையிலும் மன்றாடிச் சொல்கிறேன்.

படுவான்கரை ஆசிரியை:

வாழைச்சேனை ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் சொன்னவை சரியானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. மறந்துவிடுகிறோம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பாடவேளை மிகக் குறுகியது. இரண்டு வகுப்புகளை ஒரே மண்டபத்தில் சேர்த்து நடத்தும் நாள்கள் உண்டு. மூன்று அளவுகளில் வேலைத்தாள் தயாரித்தால் பிரதியெடுக்கும் செலவு என் கையிலிருந்து போகிறது. அதையும் செய்கிறோம். ஆனால் வருகிறவர்கள் கேட்பது பாட அலகு முடிந்ததா என்பதை மட்டுமே. நான் மூன்று அலகுகளை விட்டு வாசிப்பை மட்டும் செய்த தவணையில்தான் பின்வரிசைப் பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கினார்கள். அந்தத் தவணைக்கு விளக்கமும் நான்தான் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த அறிவுரையை எங்களைவிட மேற்பார்வைக்கு வருகிறவர்களுக்கே முதலில் சொல்லுங்கள், ஐயா.

மருதமுனை இருமொழிப் பிரிவு:

ஏறாவூர்ச் சகோதரிக்கு: புலமைப்பரிசில் பரீட்சை தமிழிலும் சிங்களத்திலும் மட்டுமே நடப்பதால், மகளுக்கு இந்த இரண்டு வருடங்களும் கடினமாகத்தான் இருக்கும். தரம் 6இல் ஆங்கில மொழிமூலம் உள்ள பாடசாலையில் இடம் கிடைத்தால் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் படிக்கலாம். அப்போதும் தாய்மொழி, சமயம், வரலாறு ஆகியவை தமிழில்தான். ஆகவே தமிழ் வாசிப்பை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குத் தரம் 1 கதிரை வேண்டியதில்லை. அவள் வயதுக்கேற்ற கதையை நீங்கள் வாசிக்க, அவள் கூடவே பார்த்து வாசிக்கட்டும். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை என்பதால் எழுத்துப் பிடிபட்டதும் வேகமாக முன்னேறுவாள். ஆங்கிலப் பாடவேளையில், மௌனமாக இருக்கும் ஒரு பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கும் பொறுப்பை அவளுக்குக் கொடுக்க முடியுமா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் பிரதி அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். கடிதம் எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.