பேரிஜம், அவலாஞ்சி: இ-பாஸ் மட்டும் போதுமா? கயாக், தூண்டில் கொண்டு போகலாமா?

ஈரோட்டுப் பயணி:
வணக்கம்ங்க. 11 பேர், ஒரு டெம்போ டிராவலர். சனிக்கிழமை கொடைக்கானல், திங்கள் ஊட்டி. கொடைக்கு இ-பாஸ் எடுத்தாச்சு. அங்க பேரிஜம் ஏரிக்குப் போக தனியா ஒரு பாஸ் வேணும்னு டிரைவர் சொல்றார், நிஜமா? காற்றடிக்கும் கயாக் படகு ஒண்ணும் தூண்டில் ரெண்டும் இருக்கு. ஏரிக்கரையில ஒரு ராத்திரி டென்ட் போடலாமா? ஊட்டிப் பக்கம் அவலாஞ்சி, அப்பர் பவானி, பார்சன்ஸ்வேலி மூணு ஏரியும் பார்க்கணும். மேப்ல மூணுக்குமே ரோடு காட்டுது.

மேல்மலைக்காரன்:
டிரைவர் சொன்னது சரி. இ-பாஸ் என்பது உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடப்பில் இருக்கும் ஏற்பாடு. மலைக்கு எத்தனை வண்டி வருகிறது என்று எண்ணுவதற்கானது. அதை வைத்து கொடைக்குள் நுழையலாம், காட்டுக்குள் நுழைய முடியாது. பேரிஜம் இருப்பது 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தில். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 27-ன்படி அங்கே குடியிருப்பவர், நிலம் உள்ளவர், பணியில் இருக்கும் அரசு ஊழியர், பொதுச் சாலையில் கடந்து போகிறவர் போன்ற சிலரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். சுற்றுலாவுக்காக அதைத் தர பிரிவு 28-ல் இடம் இருக்கிறது. அதைத்தான் ஊரில் 'பேரிஜம் பாஸ்' என்கிறோம்.

கொடைக்கானல் வனத்துறையிடம் வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று அளவு உண்டு. சனி, ஞாயிறில் அது சீக்கிரமே தீர்ந்துவிடும், உங்கள் பயணத்தில் முதல் ஓட்டை இதுதான். முடிந்தால் வார நாளுக்கு மாற்றுங்கள். கேட்கும்போதே வண்டி எண், வண்டி வகை, தலைக்கணக்கு மூன்றையும் சரியாகச் சொல்லுங்கள். பழுதாகி வேறு வண்டியில் போனால் அந்தச் சீட்டு செல்லாது.

அடுத்து நேரம். மோயர் பாயிண்ட் வரை வழியில் குணா குகை, பைன் காடு என்று ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்துவிட்டு மதியம் வனத்துறைச் சாவடிக்குப் போய் நிற்கிறவர்கள்தான் அதிகம். பாஸ் கையில் இருந்தும் திரும்ப வேண்டியிருக்கும், ஏனென்றால் உள்ளே போன வண்டிகள் மாலைக்கு முன் வெளியே வந்தாக வேண்டும். வரிசையை மாற்றுங்கள்: விடிந்ததும் நேராக பேரிஜம், தொப்பி தூக்கிப் பாறை, அமைதிப் பள்ளத்தாக்கு, மதிகெட்டான் சோலை எல்லாம் அந்த உள்வழியிலேயே வந்துவிடும். மோயர் பாயிண்ட், குணா குகை திரும்பி வரும்போது.

யானை இறங்கினால் எல்லா பாஸும் அன்றைக்கு ரத்து. கிளம்புவதற்கு முந்தைய மாலை ஒரு தடவை, காலையில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி ரத்தானால் பூம்பாறை வழியாக மன்னவனூர் போய்விடலாம். அங்கே வனத்துறையே நடத்தும் சூழல் சுற்றுலா ஏரி இருக்கிறது, பரிசலும் உண்டு.

குந்தாக்காரன்:
தூண்டிலை ஈரோட்டிலேயே விட்டுட்டு வாங்க. பலருக்குத் தெரியாத விஷயம்: அந்தச் சட்டத்தின் பிரிவு 2-ல் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்தில் கொக்கியும் வலையும் கத்தியும் சேரும். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு போவது பிரிவு 31-ன்படி குற்றம். நீங்கள் மீன் பிடிக்காவிட்டாலும், தூண்டில் முள் பெட்டியைப் பையில் பார்த்தாலே பிரச்சினைதான். காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது பிரிவு 30. தண்டனைப் பிரிவு 51: மூன்றாண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் ஒரு லட்சம் வரை.

கயாக் கதையும் அதேதான். பேரிஜம் தண்ணீர் பெரியகுளத்துக்குக் குடிநீராகப் போகிறது, காலை நனைக்கக்கூட விடமாட்டார்கள். படகு ஆசை இருந்தால் கொடைக்கானல் ஏரி, ஊட்டி ஏரி, பைக்காரா படகு இல்லம். மூன்றிலும் அவர்கள் படகுதான், உங்கள் கயாக் இல்லை.

டென்ட் கிடையவே கிடையாது. 2018 மார்ச் 11 குரங்கணியில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்த காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல்வெளி காய்ந்து கிடக்கும் காலத்தில் நுழைவை மொத்தமாக மூடிவிடுவதும் உண்டு.

ஊர்சுற்றி77:
இதெல்லாம் பேச்சுக்குத்தான் தலைவா. உள்ளூர் ஜீப்காரர்கிட்ட காசு கொடுத்தா பின்வழியா கூட்டிட்டுப் போயிடுவார்.

குந்தாக்காரன்:
கூட்டிட்டுப் போவார், சரி. பிடிபட்டால் வழக்கு அவர் மேல் மட்டுமா? உள்ளே இருந்த 11 பேர் மேலும்தான். அவருக்கு ஜீப் போகும், இவர்களுக்கு விடுமுறை போகும். இப்படி யோசனை சொல்வதை விடுங்கள்.

ஈரோட்டுக்காரருக்கு நீலகிரி விவரம். கொடைக்கு எடுத்த இ-பாஸ் இங்கே செல்லாது, தனியாக எடுக்கணும். 2025-ல் கோடைக்கு உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கு 4,000, 6,000. அதனால் ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றால் தேதி முடிவானதும் போட்டுவிடுங்கள்.

மூன்று ஏரியிலும் குழப்பம் ஒன்றுதான்: அணையும் தண்ணீரும் மின்வாரியத்துடையது, சுற்றியுள்ள காடு வனத்துறையுடையது. மேப் காட்டும் ரோடு பெரும்பாலும் அணைக்காகப் போட்டது. ரோடு இருப்பதால் போகலாம் என்று அர்த்தமில்லை.

அவலாஞ்சி எளிது. வனத்துறைச் சாவடியில் உங்கள் வண்டியை நிறுத்தி, கட்டணம் கட்டி, அவர்கள் வண்டியில் உள்ளே போய் வரலாம். தென்மேற்குப் பருவமழையில் மட்டும் நம்பி வராதீர்கள். 2019 ஆகஸ்ட் 8-ல் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டிய இடம் அது. ரெட் அலர்ட் என்றாலே மூடிவிடுவார்கள்.

அப்பர் பவானிக்கு கோரகுந்தா தாண்டி சொந்த வண்டியில் போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள். முன்கூட்டிக் கேட்காமல் போனால் மஞ்சூர் வளைவுகளை ரெண்டு தடவை எண்ணியதுதான் மிச்சமாகும். பார்சன்ஸ்வேலி ஊட்டிக்கான குடிநீர், சும்மா போய்ப் பார்க்கிற இடமில்லை. ஆனால் நடக்கத் தயார் என்றால், வனத்துறை 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பார்சன்ஸ்வேலி–முக்குருத்தி ஹட் பாதை இருக்கிறது. ஆளுக்கு ஆள் பதிவு, கூடவே வழிகாட்டி வருவார்.

ஈரோட்டுப் பயணி:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். பயணத்தை செவ்வாய்க்கு மாத்திட்டோம், அப்பர் பவானியை விட்டாச்சு. கயாக் வீட்டுலயே இருக்கும். ஒரே ஒரு சந்தேகம்: தண்ணி பாட்டில் ஒரு கேஸ் வாங்கி வெச்சிருக்கோம், அதுக்கும் பிரச்சினையா?

மேல்மலைக்காரன்:
ஆமாம். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இரண்டு மலையிலும் தடை. கொடையில் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரியும் உண்டு. அந்தக் கேஸை ஈரோட்டிலேயே கொடுத்துவிட்டு 20 லிட்டர் கேன் ஒன்று, ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். சிப்ஸ் பாக்கெட்டையும் டப்பாவில் கொட்டி எடுத்து வாருங்கள், சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.