சிடி-ஐ 220: கடிகாரத்தில் நேரம் தங்கவில்லை, விசிடியும் ஓடவில்லை, உதவுங்கள்

பழசுப்பிரியன்:
வணக்கம். நெதர்லாந்தில் ஐந்தோவன் பக்கம் இருக்கிறேன். போன மாதம் ஒரு பழைய சாமான் கடையில் பிலிப்ஸ் சிடி-ஐ 220, அதாவது டிவியில் இணைத்து சிடியில் பாட்டும் விளையாட்டும் ஓட்டும் பழைய பெட்டி, ரிமோட்டோடு மலிவாகக் கிடைத்தது. பாட்டு சிடி நன்றாகப் பாடுகிறது, ஹோட்டல் மரியோ விளையாட்டும் ஓடுகிறது. ஆனால் விளையாட்டில் சேமிக்கப் போனால் நினைவகம் நிரம்பிவிட்டது என்கிறது, தேதியை நான் சரிசெய்து வைத்தால் மறுநாள் காலையில் பழையபடி கண்டபடி காட்டுகிறது. அதைவிடப் பெரிய ஏமாற்றம், 1999-ல் மதுரையில் நடந்த அக்கா கல்யாண விசிடியைப் போட்டேன், படமே வரவில்லை. உண்மையில் அதைப் பார்க்கத்தான் வாங்கினேன். லென்ஸ் போய்விட்டதா?

ஈயப்பற்று:
பாட்டு பாடுகிறது, விளையாட்டு ஓடுகிறது என்றால் லென்ஸை இப்போதைக்குச் சந்தேகப்பட வேண்டாம் தம்பி. இது இரண்டு தனித்தனிக் கதை. முதலில் சேமிப்புப் பட்டியலுக்குப் போய்ப் பழைய சொந்தக்காரர் வைத்ததையெல்லாம் அழித்துவிடுங்கள், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து மொத்தமே 8 கிலோபைட்தான், நிஜமாகவே நிரம்பியிருக்கலாம். அப்புறம் நேரத்தைச் சரிசெய்து, மின்சார வயரைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். மறந்துவிட்டால், நேரத்தையும் சேமிப்பையும் வைத்திருக்கும் டைம்கீப்பர் சிப்பில் பேட்டரி செத்துவிட்டது. பேட்டரியும், கடிகாரத்தை ஓட்டும் படிகமும் சிப்பின் மேல்மூடிக்குள் பிசின் ஊற்றி மூடியிருக்கும், வெளியே தெரியாது. முப்பது வருடப் பேட்டரி, யார் செய்திருந்தாலும் சாகும்.

விசிடிகாலம்:
விசிடி விஷயம் நான் சொல்கிறேன். வெறும் சிடி-ஐயால் விசிடியை ஓட்ட முடியாது, எம்பெக்-1 என்ற முறையில் சுருக்கிய படத்தைப் பிரித்துக் காட்டும் டிஜிட்டல் வீடியோ கார்ட்ரிட்ஜ் தனியாக வேண்டும். சிடி-ஐ 1991-ல் கடைக்கு வந்தது, விசிடி தரமே 1993-ல்தான் வந்தது, அதனால் கார்ட்ரிட்ஜ் பின்னால் சேர்ந்த சரக்கு. தி செவன்த் கெஸ்ட் கேமுக்கும் அது இல்லாமல் வேலைக்கு ஆகாது. படமும் பாட்டும் கேமும் பாடமும் எல்லாம் ஒரே பெட்டியில் என்று விற்றுவிட்டு, படம் பார்க்கத் தனிப் பணம் கேட்டால் எந்த வீட்டில் வாங்குவார்கள்? கார்ட்ரிட்ஜிலும் வகைகள் உண்டு, பெட்டியின் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் அதற்குக் காசு போடும் முன் ஒன்று செய்யுங்கள். கல்யாண விசிடி பெரும்பாலும் ஸ்டுடியோக்காரர் எழுதித் தந்த சிடி-ஆராக இருக்கும், அது வருடா வருடம் மங்கும். கணினியில் போட்டு எம்பெக்ஏவி என்ற கோப்புறையைத் திறந்தால் .டாட் என்று முடியும் பெரிய கோப்பு இருக்கும். அதை நகலெடுத்து விஎல்சி பிளேயரில் ஓட்டுங்கள்.

பழசுப்பிரியன்:
விசிடிகாலம் அண்ணா, நன்றி, இரண்டு தட்டும் வந்துவிட்டது! ஒன்றில் கடைசி மூன்று நிமிடம் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது, அதுவும் பந்தி பரிமாறும் இடம்தான், போகட்டும். கார்ட்ரிட்ஜ் இடத்து மூடியைத் திறந்தேன், காலி. ஈயப்பற்று அண்ணா, வயரைப் பிடுங்கிப் பார்த்தேன், நேரம் மறந்துவிட்டது. பிசினைச் சுரண்டி ஒரு பேட்டரி வைக்கலாமா?

ஈயப்பற்று:
வைக்கலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். செத்த பேட்டரியின் இணைப்பை முதலில் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் புதியதையும் அது குடித்துவிடும். சிஆர்2032 என்ற வட்டப் பேட்டரிக்கு ஒரு ஹோல்டர் வாங்கிக்கொள்ளுங்கள், பேட்டரி மேல் நேராக ஈயம் வைக்காதீர்கள், வெடிக்கலாம். மறுமுனையில் படிகம் இருக்கிறது, அந்தப் பக்கம் கை போகக் கூடாது.

பழசுப்பிரியன்:
அண்ணா, கை போய்விட்டது. கடிகாரம் இப்போது நகரவே இல்லை. 🙁

ஈயப்பற்று:
சரி, விடுங்கள். சிப்பின் பெயர் எம்48டி08 தானா என்று பார்த்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். புதியது என்று சொல்லிப் பழைய சரக்கைத் தேய்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள், மேலே அச்சிட்ட தேதிக் குறியீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழையதைக் கழற்றியதும் அந்த இடத்தில் ஒரு சாக்கெட்டை ஈயம் வைத்து, புதிய சிப்பை அதில் செருகுங்கள், அடுத்த முறை சுரண்ட வேண்டியிருக்காது.

பழசுப்பிரியன்:
சாக்கெட் 28 கால்தானே?

ஈயப்பற்று:
28தான்.