பொருள்: ‘டீஆக்டிவேட்’ – முடக்குவதா, மூடுவதா, உறங்கவைப்பதா?

அனுப்புநர்: க.

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வணிகர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க உதவும் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பெரும்பகுதி முடிந்துவிட்டது. ‘டீஆக்டிவேட்’ என்ற ஒற்றைச் சொல்லில் மூன்று நாளாக முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நம் பழைய சொற்பட்டியலில் அதற்கு ‘முடக்கு’ என்று இருக்கிறது. அதையே போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லே ஊருக்கு ஒரு பொருளில் திரிகிறது. இன்ஸ்டாகிராமில் அந்தப் பொத்தானை அழுத்தினால் கணக்கு மறைந்திருக்கும். உரிமையாளர் எப்போது கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே வருகிறாரோ, அப்போது படங்கள், பின்தொடர்பவர்கள் எல்லாம் பழையபடி வந்து நிற்கும். எக்ஸ் தளத்தில் அதே சொல்லைக் கொண்ட பொத்தான் நிரந்தர நீக்கத்தின் முதல் படி. 30 நாளுக்குள் திரும்பி வராவிட்டால் கணக்கு போயே போய்விடும். ஒரே சொல், ஓரிடத்தில் ஓய்வு, இன்னோரிடத்தில் முடிவின் தொடக்கம். இது போதாதென்று லிங்க்டுஇன் தனிநபர் கணக்குக்கு ‘ஹைபர்னேட்’ என்கிறது, விலங்குகளின் குளிர்கால உறக்கத்தைக் குறிக்கும் சொல். யூடியூப் அலைவரிசையை ‘மறை’ என்கிறது.

ஆகவே ஆங்கிலச் சொல்லைப் பெயர்ப்பதில் பயனில்லை, கணக்குக்கு என்ன நேர்கிறதோ அதற்குத்தான் பெயர் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வேர் ஒன்றாக இருக்க வேண்டும். அதிலிருந்து பொத்தானுக்கு ஏவல், பார்வையாளருக்கான அறிவிப்புக்கு முற்று, உதவிப் பக்கத்துக்குப் பெயர்ச்சொல் மூன்றும் முரண்டு பிடிக்காமல் வர வேண்டும். உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

க.

---

அனுப்புநர்: தே.

அன்புள்ள க.,

முதலில் ஒரு வேண்டுகோள். யாராவது ‘செயலிழப்பு’ என்று முன்மொழிவதற்குள் அதைத் தள்ளிவிடுங்கள். செயலிழப்பு என்றாலே எனக்குச் சிறுநீரகம்தான் நினைவுக்கு வருகிறது. கடைக்காரர் நலமாகத்தான் இருக்கிறார், கொஞ்ச நாள் கணக்கைத் திறக்கப்போவதில்லை, அவ்வளவுதானே?

என் பரிந்துரை: ‘அறிதுயில்’. உறங்குவது போலத் தோன்றும், உள்ளே எல்லாம் விழித்திருக்கும். திருமால் பாம்பணையில் கொள்ளும் துயில் அது. கணக்கு வெளியே தெரியாது. உள்ளே தரவு அத்தனையும் கலையாமல் இருக்கும். இதைவிடப் பொருத்தமான சொல் ஆயிரம் ஆண்டு தேடினாலும் கிடைக்காது. மிகவும் கனமாக இருக்கிறது என்பவர்கள் ‘உறங்கவை’ என்று வைத்துக்கொள்ளலாம்.

தே.

---

அனுப்புநர்: மு.

வணக்கம். நான் தமிழ் படித்தவள் அல்ல. சிறு வணிகர்களின் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். இந்தக் குழுவில் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘முடக்கு’ என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன ஆண்டு எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் உடல்நலக் குறைவு. இரண்டு மாதம் ஆர்டர் எடுக்க முடியாது என்று கணக்கை அவரே நிறுத்திவைத்தார். ஆர்டர் வாங்கப் பயன்படுத்திய செயலியிலும் அப்படியே செய்தார். அதில் தமிழில் பார்த்தவர்களுக்கு வந்த அறிவிப்பு: ‘இந்தக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.’ மறுநாளிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. மோசடி ஏதாவதா, வழக்கா, முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேள்விகள். சரக்குக் கொடுப்பவர் நிலுவையை உடனே கேட்டுவிட்டார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாளிதழில் ‘வங்கிக் கணக்கு முடக்கம்’ என்றால் யார் முடக்கினார்கள், எதற்காக என்று எல்லோருக்கும் தெரியுமே. தன் கணக்கைத் தானே முடக்கிக்கொண்டவர் என்று யாராவது எங்காவது படித்திருக்கிறோமா?

எனக்கு இரண்டு விஷயம் சொல்லில் தெரிய வேண்டும். யார் மூடினார்? திரும்பத் திறக்குமா? என்னிடம் வருகிறவர்கள் கேட்பதெல்லாம் இதைச் சுற்றித்தான். பின்தொடர்பவர்கள் போய்விடுவார்களா, பெயர் வேறொருவர் கைக்குப் போகுமா, ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்துக்குப் பணம் பிடிப்பார்களா என்பார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் எப்போதும் ஒரே பதில்: விளம்பரக் கணக்கு தனி, அதை மூடினாலும் நிலுவை வசூலிக்கப்படும்.

அறிதுயில் அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் என் வாடிக்கையாளர் அந்தப் பொத்தானைத் தொட மாட்டார். தொட்டால் என்ன ஆகும் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்.

நாங்கள் பேசும்போது ‘கணக்கைச் சாத்திவிட்டோம்’ என்போம். கதவைச் சாத்துவது போல. பூட்டவில்லை, இடிக்கவில்லை. ‘சாத்து’ கலைச்சொல் ஆகாதா?

மு.

---

அனுப்புநர்: தே.

அம்மா மு., நீங்கள் தமிழ் படிக்கவில்லை என்பதை நான் நம்பவில்லை. அறிதுயிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், கொஞ்சம் வருத்தத்தோடு.

‘சாத்து’ என்றதும் துள்ளிவிட்டேன். பழந்தமிழில் சாத்து என்றால் வணிகர் கூட்டம். வண்டிகளில் சரக்கேற்றிக்கொண்டு சேர்ந்து செல்பவர்கள். வணிகக் கணக்குக்கு இப்படி ஒரு பொருத்தம் தானாக அமைவது அரிது. மாலை சாத்துவதும் உண்டு, முதுகில் சாத்துவதும் உண்டு. அவை இடம் நோக்கிப் பொருள் தரும், குழப்பமில்லை.

குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. அறிவிப்பை எழுதிப் பாருங்கள்: ‘கணக்கு சாத்தியுள்ளது’. வேகமாகப் படிப்பவர் கண்ணில் ‘சாத்தியம்’ வந்து உட்கார்ந்துகொள்ளும். பெயர்ச்சொல் ‘சாத்தல்’, அதைப் படித்து யாருக்கும் கணக்கு நினைவுக்கு வராது. க. கேட்ட மூன்று வடிவங்களில் ஏவல் ஒன்றுதான் தேறுகிறது. மனமில்லாமல் சொல்கிறேன்.

தே.

---

அனுப்புநர்: க.

‘சாத்து’ விழுந்தாலும் மு. சொன்ன வாக்கியத்தில் ஒன்றைக் கவனித்தேன். ‘நிறுத்திவைத்தார்’ என்று எழுதியிருக்கிறார். ‘சாத்திவிட்டோம்’ என்றும் எழுதியிருக்கிறார். நாம் வேர்ச்சொல்லைத் தேடித் தேடி அலைகிறோம், விடை அதன் வாலில் இருக்கிறது.

தமிழில் ‘வை’ என்ற துணைவினை பின்னொரு நாளுக்காகச் செய்வதைக் குறிக்கும். எழுதிவை, சொல்லிவை, எடுத்துவை. எல்லாவற்றிலும் பிறகு தேவைப்படும் என்ற எண்ணம் இருக்கிறது. ‘விடு’ முடித்துக் கைகழுவுவது. தின்றுவிடு, போய்விடு, விற்றுவிடு. உலையை மூடிவைக்கிறோம், பிறகு திறப்பதற்காக. தூர்ந்த கிணற்றை மூடிவிடுகிறோம்.

அப்படியானால் தற்காலிகமாக மறைப்பதற்கு ‘மூடிவை’, நிரந்தரமாக முடிப்பதற்கு ‘மூடிவிடு’. புதிதாக எதையும் காய்ச்சி ஊற்ற வேண்டியதில்லை. குழந்தைக்கும் வேறுபாடு தெரியும். மீண்டும் வருவதற்குப் பொத்தான் ‘திற’. ‘மறுசெயலாக்கம்’ போன்றவை தேவையில்லை. பெயர்ச்சொல் ‘மூடிவைப்பு’. புதுச்சொல் போலக் காதில் உறுத்தினால் ‘ஒத்திவைப்பு’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், உறுத்தல் போய்விடும். அதுவும் இப்படிப் பிறந்ததுதான். சட்டமன்றம் ஒத்திவைப்பு என்று நாளிதழில் படிக்கும்போது யாரும் நின்று யோசிப்பதில்லை.

இரண்டு நாளாக இதைப் பற்றி மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்.

க.

---

அனுப்புநர்: மு.

உங்கள் மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும்.

‘மூடிவை’, ‘மூடிவிடு’ இரண்டையும் கைபேசித் திரையில் ஒன்றின்கீழ் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். வேறுபாடு கடைசி எழுத்துகளில்தான். கண்ணாடி இல்லாமல், பேருந்தில் நின்றபடி, ஒரு கையால் அழுத்துகிறவருக்கு இரண்டும் ஒன்றே. ஒன்று திரும்ப வரும், மற்றது வராது. இலக்கணம் சரியாக இருந்து கணக்கு போய்விட்டால் அவர் இலக்கணத்தைப் பாராட்ட மாட்டார்.

திரும்ப வராததற்கு வேரே வேறாக இருக்கட்டும். எல்லா இடத்திலும் பழகிய ‘நீக்கு’ போதும்.

‘அழி’ வேண்டாம். அழித்துவிட்டோம் என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் நீக்கச் சொன்ன பிறகு 30 நாள் மனம் மாற நேரம் தருகிறார்கள். எல்லாத் தரவும் அவர்கள் சர்வர்களிலிருந்து போக 90 நாள் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். பேஸ்புக்கில் நாம் பிறருக்கு அனுப்பிய செய்திகள் அவர்கள் பெட்டியில் அப்படியே இருக்கும். நாம் விலகுகிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்று. ‘மூடிவை’ பொத்தானுக்கு அருகில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பேஸ்புக்கில் ஒருவர் தன் சொந்தக் கணக்கை மூடிவைத்தால், அவர் ஒருவரே நிர்வாகியாக இருக்கும் வணிகப் பக்கமும் கூடவே மறைந்துவிடும். எங்களிடம் வந்தவர்களில் இதைத் தெரிந்து செய்தவர் எவரும் இல்லை. இன்னொரு நிர்வாகியைச் சேர்த்துவிட்டுப் போகச் சொல்ல வேண்டும்.

மு.

---

அனுப்புநர்: தே.

மு. சொல்வதை வழிமொழிகிறேன். ‘நீக்கு’ எடுத்தால் கூடுதலாக ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. நீக்கு பிறவினை, நீங்கு தன்வினை. பொத்தானில் ‘நீக்கு’. அழுத்திய பிறகு காத்திருக்கும் நாள்களில் ‘30 நாளில் நீங்கும்’. எல்லாம் முடிந்தபின் ‘நீங்கியது’. மூன்று நிலைக்கும் மூன்று சொல், ஒரே குடும்பம். எக்ஸ் தளத்தில் ‘டீஆக்டிவேட்’ என்று இருப்பதும் இதில்தான் அடங்கும், மூடிவைப்பில் அடங்காது. க., அதை மறந்துவிடாதீர்கள்.

தே.

---

அனுப்புநர்: க.

மறக்கவில்லை ஐயா. ‘மூடிவிடு’வை விட்டுவிட்டேன், நெஞ்சு கொஞ்சம் கனத்தாலும்.

சொற்பட்டியலில் இப்படி மாற்றியிருக்கிறேன். உரிமையாளர் தானே கொஞ்ச காலம் மறைப்பது மூடிவைப்பு. கெடு வைத்து நிரந்தரமாகப் போவது நீக்கம், ஆங்கிலத்தில் அதற்கு எந்தச் சொல் இருந்தாலும் சரி. ‘முடக்கம்’ என்பது தளமோ அரசோ நீதிமன்றமோ செய்யும்போது மட்டும்; உரிமையாளர் செய்யும் எதற்கும் அந்தச் சொல் வராது. பார்வையாளருக்கான அறிவிப்பைச் செயப்பாட்டு வினையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். ‘மூடிவைக்கப்பட்டுள்ளது’ என்றால் யார் என்ற கேள்வி மீண்டும் எழும். ‘உரிமையாளர் இக்கணக்கை மூடிவைத்துள்ளார்’ என்று நேராக இருக்கும்.

மனம் மாற்றிக்கொள்ளத் தரும் 30 நாளுக்குப் பெயர் இன்னும் தேறவில்லை. ‘மீள்கெடு’ என்று எழுதிப் பார்த்தேன். ‘மீண்டும் கெடு’ என்று சாபம் கொடுப்பது போல ஒலித்தது. இப்போதைக்கு ‘மீட்பு அவகாசம்’. அவகாசம் வடசொல்லாயிற்றே என்று யாராவது எழுதுவார்கள். எழுதுங்கள், ஆனால் மாற்றோடு வாருங்கள்.

பெயர் விடுபடுவதைப் பற்றி மு. முன்பு கேட்டதற்கும் உதவிப் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். மூடிவைத்த கணக்கின் பயனர்பெயர் உரிமையாளரிடமே இருக்கும். நீங்கிய கணக்கின் பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. தொழிலை முற்றிலும் விட்டவர்கூட, அந்தப் பெயரில் வேறு யாராவது கடை விரித்து ஆர்டர் வாங்கிவிடக் கூடாது என்றால், நீக்குவதைவிட மூடிவைப்பதே நல்லது என்று எழுதியிருக்கிறேன். படித்துத் திருத்துங்கள்.

க.

---

அனுப்புநர்: மு.

படித்தேன். ஓரிடத்தில் மட்டும் சேர்க்கவும்: நீக்கும் முன் தரவைப் பதிவிறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதை முதல் வரியிலேயே. கடைசியில் போட்டால் அதற்குள் அழுத்திவிடுவார்கள்.

இந்த வாரம் வேறொரு வாடிக்கையாளர் இடைவெளி எடுத்தார். செயலி எதற்கும் காத்திராமல், மூடும் முன் போடும் கடைசிப் பதிவில் ‘இக்கணக்கைச் சில வாரங்கள் மூடிவைக்கிறோம்’ என்று எழுதிக் கொடுத்தேன். பதினான்கு மறுமொழிகள் வந்தன. ஒருவர்கூட என்ன பிரச்சினை என்று கேட்கவில்லை. பெரும்பாலோர் கேட்டது, ‘எப்போது திறப்பீர்கள்?’

க., ‘திறக்கும் நாள்’ என்று ஒரு கட்டம் அந்தத் திரையில் இருக்கிறதா?

மு.