கரியர் டெஸ்ட் ரிப்போர்ட்டை நம்பி படிப்பை முடிவு பண்ணலாமா?

தேன்துளி:
எல்லாருக்கும் வணக்கம். அக்கா பொண்ணு ஸ்கூல் முடிக்கப்போறா, அடுத்து என்ன படிக்கிறதுன்னு வீட்ல ஒரே பேச்சு. ரெண்டு டெஸ்ட் எழுதியிருக்கா. ஒண்ணு அந்த 16 டைப் பர்சனாலிட்டி டெஸ்ட், அதுல ஐஎன்எஃப்பி (INFP)ன்னு நாலெழுத்துல ஒரு டைப் வந்திருக்கு, கவுன்சிலிங், எழுத்து மாதிரி வேலைதான் செட் ஆகும்னு ரிப்போர்ட் சொல்லுது. இன்னொண்ணு ஹாலண்ட் கோட் பாக்குற ஆர்வ டெஸ்ட், அதுல ரியலிஸ்டிக் (மெஷின், கைவேலை), இன்வெஸ்டிகேட்டிவ் (ஆராய்ஞ்சு பாக்குறது) ரெண்டும் மேல நிக்குது. அவளுக்கு ரொம்ப நாளா மெக்கானிக்கல் படிக்கணும்னு ஆசை, இப்ப முதல் ரிப்போர்ட்ட பாத்துட்டு "நான் அதுக்கு சரிப்பட மாட்டேன் போல சித்தி"ன்னு சொல்றா. அக்காவும் அந்த ரிப்போர்ட்தான் சரின்னு நிக்கிறாங்க. எதை நம்புறது, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நேர்கோடு:
ரெண்டையும் மூடி வைங்க சகோ. முக்கியமா அந்த நாலெழுத்த. அத உருவாக்குன கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மயர்ஸ், அம்மா பொண்ணு ரெண்டு பேருமே சைக்காலஜி முறையா படிச்சவங்க இல்ல, கார்ல் யுங்ங்கிற சைக்காலஜிஸ்ட் 1921ல எழுதுன டைப் தியரிய வச்சு கட்டுனாங்க. அதுகூட போகட்டும், படிக்காதவங்க நல்லது எதுவும் செய்யவே முடியாதுன்னு நான் சொல்லல. பிரச்சனை அளக்குற விதத்துல இருக்கு. தனிமை விரும்புறவங்க, கூட்டம் விரும்புறவங்கன்னு ஒரு ஸ்கேல் வச்சு ஆயிரம் பேர அளந்தா பெரும்பாலானவங்க நடுவுலதான் வந்து விழுவாங்க, இவங்க அந்த நடுவுலயே கோட்ட போட்டு இந்தப் பக்கம் ஐ அந்தப் பக்கம் ஈன்னு பிரிக்கிறாங்க, ஒண்ணு ரெண்டு கேள்விக்கு பதில் மாறுனாலே எழுத்து மாறிடும். சில வாரம் கழிச்சு திரும்ப எழுதுனவங்கள்ல நிறைய பேருக்கு வேற டைப் வந்தது இதனாலதான். 1991லயே அமெரிக்காவோட நேஷனல் ரிசர்ச் கவுன்சில் கமிட்டி, கரியர் கவுன்சிலிங்ல இத பயன்படுத்துறத நியாயப்படுத்துற அளவுக்கு ஒழுங்கான ஆய்வு இல்லன்னு எழுதிடுச்சு. ஆன்லைன்ல இலவசமா கிடைக்கிறது பெரும்பாலும் அந்த ஒரிஜினல் டெஸ்ட்கூட கிடையாது, அதே பாணில வேற யாரோ எழுதுனது.

படிச்சா "அட, என்னையே சொல்லுதே"ன்னு தோணும், தெரியும். ஃபோரர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1948ல தன்னோட ஸ்டூடண்ட்ஸ் 39 பேருக்கு டெஸ்ட் வச்சு, எல்லாருக்கும் வரி மாறாம ஒரே ரிப்போர்ட்ட குடுத்தார், அதுல பெரும்பகுதி ஜோசிய புக்ல இருந்து எடுத்தது. எவ்ளோ பொருந்துதுன்னு கேட்டப்ப 5க்கு சராசரி 4.26 போட்டாங்க. ஒரு சின்னப் பொண்ணு இத படிச்சுட்டு தன் ஆசைய விடுறான்னா எனக்கு உண்மையிலேயே கோவம் வருது.

செங்காந்தள்:
முதல் டெஸ்ட் பத்தி நேர்கோடு சொன்னதுல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா ரெண்டையும் ஒரே மூட்டைல கட்டி தூக்கிப் போடுறது தப்பு. நான் பல வருஷமா பசங்களுக்கு கரியர் கவுன்சிலிங் பண்றவ, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

பர்சனாலிட்டி வேற, ஆர்வம் வேற. ஆர்வ டெஸ்டோட வரலாறே தனி. எட்வர்ட் ஸ்ட்ராங் 1927ல கொண்டு வந்தப்ப செஞ்சது ரொம்ப எளிமையான விஷயம், ஒரு தொழில்ல இருக்கவங்ககிட்ட நூத்துக்கணக்கான விஷயங்கள குடுத்து இது பிடிக்குமா பிடிக்காதான்னு கேட்டார், அதே கேள்விய பொதுவான ஆளுங்ககிட்டயும் கேட்டார், எந்தெந்த பதில்ல ரெண்டு கூட்டமும் வேறுபடுதோ அத வச்சு அந்தத் தொழிலுக்கான ஸ்கோர போட்டார். அதாவது உங்க ரசனை அந்த வேலைல இருக்கவங்க ரசனையோட எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு பாக்குறது, அவ்ளோதான். அப்புறம் 1959ல ஜான் ஹாலண்ட் ஆர்வத்த ஆறு வகையா பிரிச்சு, வேலைகளையும் அதே ஆறு வகைல வச்சார், ஆளையும் வேலையையும் அந்த வகைகளோட முதல் எழுத்த வச்சு ஒரே மாதிரி கோடா எழுதிப் பாக்கலாம்னு ஆச்சு. ஒரு பொண்ணுக்கு ரியலிஸ்டிக்கும் இன்வெஸ்டிகேட்டிவும் மேல வந்திருக்குன்னா மெக்கானிக்கல் இன்ஜினியர் வேலையோட கோட்லயும் முதல்ல வர்ற ரெண்டும் அதேதான். அவ ஆசையும் டெஸ்ட்டும் ஒரே இடத்த காட்டுது, இதுல குழம்ப என்ன இருக்கு?

இன்னொண்ணு, ஆர்வம் நாம நினைக்கிற அளவுக்கு அலைபாயுறதில்ல. 12 வயசுல இருந்து 40 வயசு வரைக்கும் பாத்த ஆய்வுகள 2005ல ஒண்ணா சேர்த்து அலசுனாங்க, ஓரளவு நிலையாவே இருக்கு, காலேஜ் போற வயசுல இன்னும் நல்லா கெட்டிப்படுது.

நேர்கோடு:
நிலையா இருக்குன்னா சரியா இருக்குன்னு அர்த்தமில்லயே மேடம். பொருத்தமான வேலைல இருக்கவங்க சந்தோஷமா இருக்காங்களான்னுதான பாக்கணும்? 2020ல நூத்துக்கும் மேல ஆய்வுகள சேர்த்து பாத்த ஒரு மெட்டா அனாலிசிஸ்ல ஆர்வப் பொருத்தத்துக்கும் வேலை திருப்திக்கும் இருக்க தொடர்பு வெறும் 0.19 (1 வந்தாதான் முழுசா ஒத்துப்போகுதுன்னு அர்த்தம்). வர்க்கம் போட்டுப் பாருங்க, திருப்தில இருக்க வித்தியாசத்துல 4 சதவீதத்தக்கூட இது விளக்கல. மீதி எல்லாம் மேனேஜர், சம்பளம், கூட வேலை பாக்குறவங்க, வீட்டு நிலைமை.

அப்புறம் பிடிக்குமா பிடிக்காதான்னு கேட்டா பதில் எங்கிருந்து வருது? பாத்த விஷயத்துல இருந்துதான வரும். டர்பைனையே பாக்காத பொண்ணுகிட்ட, உனக்கு மெஷின் எல்லாம் எதுக்குன்னு கேட்டு வளந்த பொண்ணுகிட்ட, அந்தக் கேள்விய கேட்டா அவ என்ன சொல்வா? ஸ்ட்ராங்கோட டெஸ்ட்ல ஆம்பளைக்கு ஒரு ஃபார்ம் பொம்பளைக்கு ஒரு ஃபார்ம்னு 1974 வரைக்கும் தனித்தனியா வச்சிருந்தாங்க. ஊரு உலகம் என்ன பழக்கி விட்டுச்சோ அதத்தான் டெஸ்ட் திருப்பி சொல்லுது.

மழைக்குருவி:
இடைல வர்றதுக்கு மன்னிக்கணும். ரெண்டு பேரும் வேலையோட பேர வச்சே பேசுறீங்க. நான் மெக்கானிக்கல் லைன்லதான் இருக்கேன், ஒரே டிகிரி முடிச்சு ஒருத்தர் நாள் பூரா கம்ப்யூட்டர்ல டிசைன் போடுறார், ஒருத்தர் ஷாப் ஃப்ளோர்ல சத்தத்துல நிக்கிறார், இன்னொருத்தர் கஸ்டமர்கிட்ட பேசிட்டே இருக்கார். அந்த மூணாவது ஆளுக்கு எந்த கோட் வரும் சொல்லுங்க?

செங்காந்தள்:
மழைக்குருவி நல்ல பாயிண்ட், கடைசி ஆளுக்கு என்டர்பிரைசிங் (விற்பனை, நிர்வாகம் பக்கம்) மேல வந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன், ஒரே படிப்புக்குள்ள எந்தப் பக்கம் போறதுன்னு பாக்கவும் கோட் உதவும்.

நேர்கோடு, அந்த 0.19 சரியான எண்தான், நான் மறைக்கப் போறதில்ல. ஆனா திருப்தி ஒண்ணு மட்டுமே அளவுகோலா? படிப்ப பாதில விடாம தொடர்றது, மார்க், வேலைல செய்றத நல்லா செய்றது, இதுக்கெல்லாம் ஆர்வப் பொருத்தத்தோட தொடர்பு இருக்குன்னு 2012ல வேற ஒரு மெட்டா அனாலிசிஸ் காட்டுச்சு. காலேஜ்ல ரெண்டாவது வருஷம் உக்காந்து அழுற பசங்கள நான் பாக்குறேன், அவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

பாக்காத விஷயத்துக்கு எப்படி பதில் சொல்வாங்கன்னு கேட்டீங்க பாருங்க, அதுதான் உண்மையான ஓட்டை, ஒத்துக்குறேன். "பிடிக்காது"ன்னு டிக் போட்டதுக்குப் பின்னாடி "எனக்கு இது தெரியாது"ன்னு இருக்கலாம், "செஞ்சு பாத்தேன், வெறுத்தேன்"னும் இருக்கலாம், ஸ்கோர் ரெண்டையும் ஒண்ணாத்தான் எண்ணும். அதனால நான் ரிப்போர்ட்ட நேரா கைல குடுக்க மாட்டேன், பக்கத்துல உக்கார வச்சு ஒவ்வொண்ணா ஏன்னு கேப்பேன். தெரியாதுன்னு வர்றதெல்லாம் தனி லிஸ்ட். அந்த லிஸ்ட்ல இருந்து ரெண்டு மூணு வேலைய நேர்ல போய் பாக்கச் சொல்வேன், அந்த வேலைல இருக்கவங்ககிட்ட பேசச் சொல்வேன். எந்த ஆர்வமும் தனியா தெரியாம எல்லாமே ஒரே மட்டத்துல வர்ற பசங்கள்ல நிறைய பேர் இப்படி எதையும் பாக்காதவங்கதான். அப்புறம் ஆர்வ டெஸ்ட் திறமைய அளக்குறதே இல்ல, கணக்கு வருமான்னு அது சொல்லாது, அத வேற விதமாத்தான் பாக்கணும்.

நேர்கோடு:
நீங்க சொல்ற மாதிரி பக்கத்துல உக்காந்து கேக்க ஆள் இருந்தா எனக்கு சண்டையே இல்ல. ஆனா நடக்குறது என்ன? பணம் வாங்கிட்டு கலர் கலரா கிராஃப் போட்டு பக்கம் பக்கமா பிடிஎஃப் அனுப்புறாங்க, கடைசி பக்கத்துல "உங்களுக்குப் பொருந்தாத துறைகள்"னு ஒரு பட்டியல். அந்தப் பட்டியல அம்மா அப்பா கைல குடுத்தா அது டெஸ்ட் இல்ல, தீர்ப்பு. பக்கத்துல உக்காந்து ஏன்னு கேக்க ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த டெஸ்டே வேணாம்னுதான் நான் இன்னும் சொல்வேன்.

செங்காந்தள்:
அங்கதான் நாம பிரியுறோம். கேக்க ஆளே இல்லாத வீட்ல இருக்க பிள்ளைக்கு இப்படி ஒரு வேலை உலகத்துல இருக்குன்னு முதல்ல சொல்றதே சில நேரம் அந்த டெஸ்ட்தான். அமெரிக்க தொழிலாளர் துறையோட ஓநெட் தளத்துல ஆர்வ டெஸ்ட் இலவசமாவே இருக்கு, 60 கேள்வி, முடிவுல வேலைகளோட பேரு மட்டும் இல்லாம அங்க தினசரி என்ன செய்வாங்கன்னும் போட்டிருக்கும். அத அவகிட்ட இருந்து நான் புடுங்க மாட்டேன். பொருந்தாத துறைகள்னு பட்டியல் போடுறவங்கள மட்டும் நீங்க எவ்ளோ வேணா திட்டுங்க, நானும் கூட வர்றேன்.

தேன்துளி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். இன்னைக்கு சாயங்காலம் அவகூட உக்காந்து செங்காந்தள் மேடம் சொன்ன மாதிரி ஏன்னு கேட்டுப் பாத்தேன். மெஷின், ரிப்பேர், லேப் கேள்விக்கெல்லாம் செஞ்சு பாத்த அனுபவத்துல பதில் சொல்றா. நிர்வாகம், விற்பனை பக்கம் போட்ட "பிடிக்காது" எல்லாமே தெரியாதுதான். நாலெழுத்து ரிப்போர்ட்ல அவள பயமுறுத்துனது "தனிமை விரும்பி, டீம் வேலை கஷ்டம்"ங்கிற ஒரே வரி. மழைக்குருவி, உங்க லைன்ல ஒரு நாள் ஷாப் ஃப்ளோர் பாக்க ஸ்டூடண்ட்ஸ விடுவாங்களா, யார்கிட்ட கேக்கணும்? அக்காவையும் கூட்டிட்டு வரணும்னு இருக்கேன்.

மழைக்குருவி:
விடுவாங்க. ஹெச்ஆர்கிட்ட ஸ்கூல் லெட்டரோட கேக்கச் சொல்லுங்க, ஷூ கட்டாயம், தலைமுடிய கட்டிட்டு வரணும், துப்பட்டா வேணாம். ஷிஃப்ட் மாறுற நேரத்துல வந்தா வேலை பாக்குறவங்ககிட்ட கொஞ்சம் பேசவும் முடியும்.