நான்காம் படிவத்தில் வீட்டு மின்கம்பி இணைப்புப் பாடம்: மகளுக்கு எடுக்கலாமா?

கேள்வி: தோட்டத்துத் தாய், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் கணவர் ஆலையில் ஃபிட்டராக இருக்கிறார். நான் தோட்டத்தின் நாற்றுப்பண்ணையில் வேலை செய்கிறேன். எங்கள் மூத்த மகள் நகரத்து இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் (ஒன்பதாம் வகுப்பு) படிக்கிறாள். நான்காம் படிவத்துக்கு எந்தப் பாடத் தொகுப்பு வேண்டும் என்று குறித்துத் தரும்படி பள்ளியில் ஒரு பாரம் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் படிவத்தில் ஆர்.பி.டி. எனும் வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடத்தில் மின்சுற்று செய்யக் கற்றதிலிருந்து அவளுடைய நாட்டமெல்லாம் மின்சார வேலையில்தான் இருக்கிறது. பள்ளியில் வீட்டு மின்கம்பி இணைப்பு ஒரு தேர்வுப் பாடமாக நடப்பதாகச் சொல்லி, அதையே எடுக்க வேண்டும் என்கிறாள். கணிதம் நன்றாக வருகிறது, அறிவியலில் நடுத்தரம். என் மாமியாரும் உறவினர்களும், படிப்பு ஏறாத பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பாடம் என்றும், பெண்பிள்ளை ஏணியில் ஏறிக் கம்பி இழுப்பதா என்றும் கேட்கிறார்கள். என் கணவர் கருத்துச் சொல்லாமல் இருக்கிறார்.

இந்தப் பாடத்தை எடுத்தால் மேற்படிப்புக்கான வழி அடைபட்டுவிடுமா என்பதுதான் என் முதல் அச்சம். பள்ளியிலேயே படிப்பதா, கோலகங்சாரில் உள்ள தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிப்பதா என்பதும் விளங்கவில்லை. ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழையும் எழுத வேண்டும் என்பது அவளுடைய விருப்பம், எங்களுடைய விருப்பமும் அதுவே. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற பட்டறை ஆசிரியர், பேராக்

சகோதரி, வணக்கம். நம் மக்கள் தொழிற்பாடம் என்று ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு வேறு பாதைகள் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் அச்சத்துக்கான விடை அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

உங்கள் மகள் சொல்வது எம்.பி.வி. எனப்படும் தொழிற்கல்விப் பாடம். சாதாரண இடைநிலைப்பள்ளியிலேயே நான்காம், ஐந்தாம் படிவங்களில் அது நடக்கிறது. மின்கம்பி இணைப்பு, குழாய் வேலை, வெல்டிங், மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பு, குளிர்சாதனப் பராமரிப்பு, தையல், உணவு தயாரிப்பு, மழலையர் கல்வி என்று பல துறைகள் இதில் உண்டு. இதை நடத்தும் ஒவ்வொரு பள்ளியும் தன் பட்டறைக்கும் ஆசிரியருக்கும் ஏற்ப ஒன்றையோ இரண்டையோ நடத்தும். இதை எடுக்கும் மாணவர் மற்ற எல்லாரையும் போலவே எஸ்.பி.எம். மாணவர்தான். மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறி ஆகிய பாடங்களை அவரும் எழுதுகிறார். மலாயிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் அவருக்கும் சான்றிதழ் கிடைக்கும். ஆகவே எஸ்.பி.எம்.முக்குப் பிறகு ஆறாம் படிவம், போலிடெக்னிக், திறன் பயிற்சிக் கழகம் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும் உரிமை அவருக்கு அப்படியே இருக்கிறது. ஈப்போவில் 1969-இல் தொடங்கப்பட்ட உங்கு ஒமார் போலிடெக்னிக் உங்களுக்கு அருகிலேயே உள்ளது. அங்கே மின்பொறியியல் டிப்ளோமாவுக்குச் சேர நினைப்பவர் கணிதத்தில் கிரெடிட் (சாதாரணத் தேர்ச்சிக்கு மேலான நிலை) வைத்திருப்பது மிக முக்கியம். உங்கள் மகளுக்குக் கணிதம் வருகிறது என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

தொழிற்கல்லூரியின் அமைப்பு வேறு. பழைய தொழிற்பள்ளிகள் 2012 முதல் தொழிற்கல்லூரிகளாக மாற்றப்பட்டன. மூன்றாம் படிவம் முடித்தவர்கள் அங்கே சேர்ந்து, முதல் கட்டத்தில் எஸ்.வி.எம். எனும் தொழிற்கல்விச் சான்றிதழும், தகுதி பெற்றால் அடுத்த கட்டத்தில் டி.வி.எம். எனும் டிப்ளோமாவும் பெறுகிறார்கள். இரண்டும் சேர்ந்து நான்கு ஆண்டுகள். வாரத்தின் பெரும்பகுதி பட்டறையில் கழியும். பதினைந்து வயதிலேயே துறை முடிவாகிவிடுவதால், மனம் உறுதியாக உள்ள பிள்ளைக்கு இது மிகச் சிறந்த இடம். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் எம்.பி.வி. படிப்பதே ஏற்றது என்பது என் கருத்து.

படிப்பு ஏறாதவர்களுக்கான பாடம் என்ற பேச்சை என் பணிக்காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன், இன்றைக்கும் அதைக் கேட்டால் மனம் பொறுப்பதில்லை. 3.6 கிலோவாட் வெந்நீர்க் கருவி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்துப் பார்த்தால் அந்தக் கருவி ஏறத்தாழ 15.7 ஆம்பியர் இழுக்கும். சுவரில் உள்ள சாதாரண பிளக்கின் அளவோ 13 ஆம்பியர். அதனால்தான் அதற்குத் தனிச் சுற்றும், தடித்த கம்பியும், தனித் துண்டிப்பானும் தேவைப்படுகின்றன. கணக்குப் போடத் தெரியாதவர் கம்பியைச் சூடேற்றிவிடுவார். அதன் விளைவு தீவிபத்து. இதைப் புரிந்துகொண்டு செய்யும் பிள்ளையைப் படிப்பு ஏறாதவள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: தொழிற்கல்லூரி முன்னாள் மாணவி

அக்கா, நான் தொழிற்கல்லூரியில் மின்தொழில்நுட்பம் படித்து, இப்போது ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். எங்கள் வகுப்பில் பெண்கள் குறைவாகவே இருந்தோம். ஆனாலும் பட்டறையில் எங்களுக்கென்று எளிதான வேலை எதுவும் ஒதுக்கப்படவில்லை, நாங்களும் அதை விரும்பவில்லை. பலகையில் சுற்று அமைப்பது, குழாயை வளைத்துப் பதிப்பது, பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பது ஆகிய எல்லாவற்றிலும் உடல் பலத்தைவிடப் பொறுமையும் ஒழுங்கும்தான் பயன்பட்டன. கம்பியின் முனையை அளவோடு சீவி, திருகாணியை இறுக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டும் பழக்கம் உள்ளவர்களின் வேலையைத்தான் எங்கள் பயிற்றுநர் எடுத்துக்காட்டாகக் காட்டுவார். ஏணியைப் பற்றி உங்கள் மாமியார் கவலைப்படுவது பாசத்தினால்தான். உயரத்தில் வேலை செய்வதற்கான பாதுகாப்பு முறைகளும் பயிற்சியின் பகுதியே என்பதையும், மின்சாரத்தை அணைத்துப் பூட்டிவிட்டுத்தான் பேனலில் கைவைக்கக் கற்றுத் தருகிறார்கள் என்பதையும் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், தமிழ்மொழித் தேர்வை எழுதுவதற்கு அங்கே ஏற்பாடு உண்டா என்று விண்ணப்பிக்கும் முன்பே நேரில் கேட்டுவிடுங்கள். விடுதியில் தங்க வேண்டுமா என்பதையும் விசாரியுங்கள். பதினாறு வயதில் வீட்டைவிட்டு வெளியே தங்குவது சில பிள்ளைகளுக்குக் கடினம். முதல் பருவத்தில் எனக்கும் கடினமாகத்தான் இருந்தது.

பதில்: பொறியாளர், தைப்பிங்

என் கருத்து சற்று வேறுபடுகிறது. கணிதம் நன்றாக வரும் பிள்ளை இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் இப்போது விட்டுவிட்டால், பிற்பாடு மின்பொறியியல் பட்டப்படிப்புக்குப் போக நினைக்கும்போது சுற்றுவழியில்தான் போக வேண்டியிருக்கும். டிப்ளோமா முடித்துப் பட்டத்துக்குச் செல்லும் வழி உண்டு, பலர் அதில் வென்றும் இருக்கிறார்கள்; ஆனால் அங்கே உயர்கணிதம் வரும்போது அடிப்படை இல்லாதவர்கள் மிகவும் தடுமாறுகிறார்கள். கைத்தொழிலைப் பிறகும் கற்றுக்கொள்ளலாம். ஆகையால் பாரத்தை நிரப்பும் முன், இயற்பியல், கூடுதல் கணிதம் ஆகியவற்றோடு தொழில்நுட்ப வரைகலைப் பாடத்தையோ எம்.பி.வி.யையோ சேர்த்து எடுக்கப் பள்ளியின் கால அட்டவணையில் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 2020-இல் நான்காம் படிவத்தில் புதிய பாடத்திட்டம் வந்த பிறகு, பாடங்களைத் தொகுப்பாகச் சேர்த்து எடுக்கும் முறை நடைமுறையில் உள்ளது.

பதில்: மின்பணி ஒப்பந்ததாரர், ஈப்போ

வணக்கம், அம்மா. பள்ளியில் என்ன படித்தாலும், வேலைக்கு வந்த பிறகு ஒரு கேள்வி கட்டாயம் எழும்: கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது? தோட்டங்களிலிருந்து வந்த அருமையான கைவேலைக்காரர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். லயத்து வீடுகளில் வயரிங் முழுவதையும் பார்த்துக்கொண்டவர்கள், ஆலையின் மோட்டாரைச் சத்தத்தை வைத்தே பழுது சொல்லக்கூடியவர்கள். ஆனால் காகிதம் இல்லாத காரணத்தால் கடைசிவரை உதவியாளர் சம்பளமே வாங்கினார்கள். உங்கள் மகளுக்கு அந்த நிலை வரக்கூடாது.

1994-ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறைகளின்படி, வீட்டு வயரிங்கை எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்றவரின் பொறுப்பில்தான் செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழ் ஒருமுனை மின்சாரத்துக்கு வேறாகவும், மும்முனைக்கு வேறாகவும் வழங்கப்படுகிறது. வேலையை முடித்துவிட்டுச் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. கம்பித் தொடர்ச்சி, காப்புத்தடை (கம்பியின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் அளவு), முனைமை (கம்பிகள் முனை மாறாமல் இணைக்கப்பட்டுள்ளனவா என்பது), நிலக்கம்பியின் தடை ஆகிய ஒவ்வொன்றையும் கருவி வைத்து அளந்து எழுதிக் கையொப்பமிட வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. கருவியின் அளவும் இடத்துக்கு இடம் மாறும்: வெந்நீர்க் கருவி உள்ள குளியலறை போன்ற ஈரமான இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர், கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர். பள்ளியில் எம்.பி.வி. படித்தால் மட்டும் இந்தக் கையொப்ப உரிமை வந்துவிடாது. அது நல்ல தொடக்கம், அதற்கு மேல் பயிற்சியும் தகுதித் தேர்வும் இருக்கின்றன. ஐந்தாம் படிவம் முடித்ததும் எந்த நிலையத்தில் அந்தச் சான்றிதழுக்குப் படிப்பது என்பதை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு செய்தி. 2006-ஆம் ஆண்டுத் தேசிய திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படுகிறது. வகுப்பில் உட்காராமல், பல ஆண்டுப் பணி அனுபவத்தை ஆதாரங்களோடு காட்டி, மதிப்பீட்டுக்கு உட்பட்டு அந்தச் சான்றிதழைப் பெறும் வழியும் அதில் உண்டு. ஆலையில் ஃபிட்டராக இருப்பவர் அவசியம் விசாரிக்க வேண்டும்.

மறுமொழி: தோட்டத்துத் தாய், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. என் கணவரும் இவற்றைப் படித்தார். தனக்குச் சான்றிதழ் இல்லாததால்தான் மகளிடம் எதையும் சொல்லத் தயங்கியதாக இப்போதுதான் என்னிடம் கூறினார். அனுபவச் சான்றிதழைப் பற்றி விசாரிக்கப் போகிறார். மகளோ, தமிழ் வகுப்புக்காகவும் தம்பி தங்கைக்காகவும் பள்ளியிலேயே இருக்க விரும்புகிறாள். ஆசிரியர் ஐயா, பள்ளிக்குப் போகும்போது நாங்கள் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வீர்களா?

பதில்: ஓய்வுபெற்ற பட்டறை ஆசிரியர், பேராக்

சகோதரி, பட்டறையைக் காட்டும்படி கேளுங்கள். அது எல்லாவற்றையும் சொல்லிவிடும். மாணவர்கள் பயிற்சி செய்யும் பலகைகளில் அண்மையில் வேலை நடந்த அடையாளம் இருக்க வேண்டும். சோதனைக் கருவிகள் அலமாரியில் பூட்டிக் கிடக்காமல் பிள்ளைகளின் கைக்கு வர வேண்டும். பாடத்தை நடத்துபவர் அந்தத் துறையில் பயிற்சி பெற்றவரா என்றும், அவர் மாறிப்போனால் மாற்று ஆசிரியர் உண்டா என்றும் தயங்காமல் கேளுங்கள். ஆசிரியர் இல்லாமல் பாதியில் நின்றுபோன வகுப்பை நான் அறிவேன், அதில் நட்டப்பட்டவர்கள் பிள்ளைகள்தான்.

பொறியாளர் சொன்னதை நான் மதிக்கிறேன். இயற்பியலையும் சேர்த்து எடுக்க அட்டவணையில் இடம் இருந்து, மகளும் அந்தச் சுமையைத் தாங்குவாள் என்றால் அப்படியே செய்யுங்கள். அறிவியலில் அவள் நடுத்தரம் என்பதால், மூன்றாம் படிவ அறிவியல் ஆசிரியரின் கருத்தை முதலில் கேட்பது நல்லது. மூன்றாம் படிவ மாணவர்கள் எழுதிவந்த பி.டி.3 தேர்வு 2022-இல் நீக்கப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீட்டுக்கும் பள்ளியின் ஆண்டிறுதித் தேர்வுக்கும் முக்கியத்துவம் கூடியிருக்கிறது. ஆகவே அவளைத் தினமும் பார்க்கும் ஆசிரியரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

தமிழ் வகுப்பு எந்த நேரத்தில் நடக்கிறது, அது பட்டறை நேரத்தோடு மோதுகிறதா என்பதைக் கால அட்டவணையிலேயே பார்த்துவிடுங்கள். மோதினால் உடனே தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதே நிலையில் உள்ள மற்றப் பெற்றோரும் சேர்ந்து கையொப்பமிட்டால் பள்ளி நேரத்தை மாற்றித் தருவதற்கு வாய்ப்பு அதிகம். பாரத்தின் ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் போகும்போது உங்கள் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். பட்டறையில் எது சரி, எது குறை என்பது அவர் கண்ணுக்கு உடனே தெரியும்.